உடைந்த செயின்சா கிராங்க்கேஸ்: எதை ஒட்டலாம், எதை மாற்ற வேண்டும்

கிராங்க்கேஸை எஞ்சினைத் தாங்கும் பெட்டி என்று மட்டும் நினைத்து வேலையைத் தொடங்கினால், ஒட்டிய இடம் கல்லாக நின்றும் மெஷின் சில நாளில் பிஸ்டன் பிடித்து நின்றுவிடும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்தப் பெட்டிதான் பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது பெட்ரோல், ஆயில், காற்று மூன்றும் கலந்த கலவையை கார்புரேட்டரிலிருந்து உள்ளே இழுக்கிறது. கீழே இறங்கும்போது அதே கலவையை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. எங்காவது மயிரிழை ஓட்டை இருந்தாலும் அந்த வழியாக வெறும் காற்று நுழையும். பெட்ரோல் குறையும்போது அதோடு வரவேண்டிய ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி சைலன்ஸர் பக்கம் கீறல் விழ ஆரம்பிக்கும்.

அதனால் சேதம் எவ்வளவு பெரிது என்று பார்ப்பதற்கு முன், எந்த இடத்தில் என்று பாருங்கள். ஆயில் டேங்க் சுவரில் ஐந்து ரூபாய்க் காசு அளவு ஓட்டை விழுந்திருந்தாலும் பட்டறையிலேயே அடைக்கலாம். கிராங்க்கை, அதாவது பிஸ்டன் சுழற்றும் தண்டைத் தாங்கும் பேரிங் குழியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஓடியிருந்தால் அந்தக் கேஸை விட்டுவிட வேண்டியதுதான்.

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் சுற்றுவட்டாரத்தில் கேஸ் உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டு வேலைகள் காரணம். கண்மாய்க்குள்ளும் தரிசிலும் சீமைக் கருவேலம் வெட்டுவது ஒன்று. தரையோடு தரையாகப் பல தூராகக் கிளம்பும் மரம் அது. செயின் ஓடும் நீளத் தகடான பாரின் நுனி செம்மண்ணிலும் சரளையிலும் உரசாமல் அடியோடு வெட்டுவது கடினம். செயின் மழுங்கும், சூடேறித் தளரும், பாரை விட்டுக் கழலும், அதே வேகத்தில் ஸ்ப்ராக்கெட் பக்கத்துச் சுவரைக் கடித்து எடுத்துவிடும். இரண்டாவது, பழைய வீடு பிரிக்கும் இடத்தில் பர்மா தேக்கு உத்தரங்களை அறுப்பது. மரத்துக்குள் புதைந்த இரும்பு ஆணியில் மோதி செயின் அறுந்தால், அறுந்த நுனி, கழன்ற செயினைத் தடுக்கும் செயின் கேட்சரையும் அது பூட்டியிருக்கும் காதையும் சேர்த்து உடைத்துக்கொண்டு வரும்.

சத்தமில்லாமல் வரும் சேதமும் உண்டு. இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை இல்லையென்று டேங்க்கில் பெட்ரோலோடு மெஷினை மூலையில் வைத்துவிட்டுத் தை மாதம் எடுத்தால், கேஸின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அந்தப் பொடியைத் துடைத்தால் அடியில் குழிகள் தெரியும்.

எல்லா மெஷினுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தாது. சிறிய வீட்டு உபயோக மெஷின்கள் பலவற்றில் வெளிக்கூடு பிளாஸ்டிக்தான். கிராங்க் உட்காரும் பகுதி சிலிண்டரோடு சேர்ந்த சிறு அடிப்பாத்திரமாக இருக்கும். அந்தக் கூடு உடைந்தால் புதுக்கூடு வாங்குவதே வழி. இங்கே சொல்வது, நடுவில் இரண்டு பாதியாகப் பிரியும் உலோகக் கேஸ் உள்ள மெஷின்களுக்கு.

எந்த உலோகம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்டில், ஹஸ்க்வர்னா ஆகிய கம்பெனிகளின் பெரிய மெஷின்களில் கேஸ் மெக்னீசியம் கலப்பு உலோகம். சந்தையில் கிடைக்கும் 52, 58 சிசி சீன மெஷின்களில் மெக்னீசியமும் வரும், அலுமினியமும் வரும். இரண்டையும் காந்தம் பிடிக்காது, பார்வைக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கேஸின் மறைவான மூலையில் பெயிண்டை அரத்தால் சுரண்டி, பளபளக்கும் இடத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். உடனே நுரைத்துக் குமிழி விட்டால் மெக்னீசியம். சும்மா கிடந்தால் அலுமினியம். பார்த்ததும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிடுங்கள்.

இந்த ஒரு சொட்டுச் சோதனையே ஒரு எச்சரிக்கையும் கூட. பித்தளைக்குப் போடுவதுபோல் புளியோ எலுமிச்சையோ போட்டு மெக்னீசியத்தை விளக்கக் கூடாது. புளிப்பு எதுவானாலும் அதைத் தின்றுவிடும். அலுமினியத்துக்கு எதிரி காஸ்டிக் சோடா. எந்த உலோகம் என்ற சந்தேகம் தீராவிட்டால் இரண்டையும் தொடாதீர்கள். டீசல், பிறகு தின்னர், ஒரு நைலான் பிரஷ், இவையே போதும்.

மெக்னீசியத் துண்டு எளிதில் தீப்பிடிக்காது. அதன் பொடியும் மெல்லிய சுருளும் பிடிக்கும். அரம் போட்டு, டிரில் போட்டு விழும் தூளை அவ்வப்போது கூட்டி அள்ளி, மூடியுள்ள இரும்பு டப்பாவில் போடுங்கள். பக்கத்தில் இரும்பைக் கிரைண்டர் போட வேண்டாம், பொறி போதும். தப்பித்தவறித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாக்கி இன்னும் வேகமாக எரியும். நன்றாகக் காய்ந்த மணல் ஒரு வாளி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மழைக்காலத்தில் அந்த மணல் ஈரமாகாமல் மூடி வையுங்கள்.

பிரிப்பது

திறப்பதற்கு முன்பே வெளியே ஒட்டிய மண்ணையும் மரத்தூளையும் சுத்தம் செய்துவிடுங்கள். கேஸ் திறந்தபின் விழும் ஒரு மணல் துகள் புது பேரிங்கைக் கெடுக்கப் போதும். ஒரு அட்டையில் மெஷினின் உருவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்தில் துளை போட்டுச் செருகி வையுங்கள். கேஸ் ஸ்க்ரூக்கள் ஒரே தடிமனாக இருந்தாலும் நீளம் மாறும். நீளமானதைக் குட்டையான துளையில் போட்டு முறுக்கினால் அடிப்பகுதி வெடிக்கும். புதியவர்கள் கேஸை உடைப்பது அதிகமும் இப்படித்தான்.

பிளக்கைக் கழற்றி, பிஸ்டன் சைலன்ஸர் துளையைத் தாண்டி மேலே ஏறியபின், முடிச்சிட்ட நைலான் கயிற்றை பிளக் துளை வழியாக உள்ளே திணித்தால் கிராங்க் சுற்றாமல் நிற்கும். துளை திறந்திருக்கும்போது திணித்தால் கயிறு அதில் மாட்டிக் கசங்கும். கிளட்ச் அநேக மெஷின்களில் இடது மரை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கிளட்ச் மேலேயே அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். எதிர்ப்பக்கம் மேக்னெட் வீலின் நட்டு சாதாரண வலது மரை. நட்டை முழுவதும் எடுக்காமல் கிராங்க் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி, புல்லர் போட்டு வீலை இளக்குங்கள். உள்ளே இருக்கும் சிறு சாவியைத் தொலைத்துவிடாதீர்கள்.

சிலிண்டரையும் பிஸ்டனையும் எடுத்தபின் கேஸ் ஸ்க்ரூக்களை எடுங்கள். ஒன்று பெரும்பாலும் பார் தகட்டின் அடியிலோ ஆயில் பம்ப்பின் அடியிலோ ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு இழுத்தால் காது உடையும். ஸ்க்ரூ எல்லாம் வந்த பிறகும் கேஸ் பிரியாது, ஏனென்றால் கிராங்க்கும் பேரிங்கும் இறுக்கமாக அழுத்தி உட்கார்ந்திருக்கின்றன. ஹாட் ஏர் கன்னால் பேரிங் குழியைச் சுற்றிலும் சீராகச் சூடேற்றி, கிராங்க் நுனியைத் தள்ளும் புல்லரால் பிரியுங்கள். ஸ்க்ரூ டிரைவரை நடுவில் நுழைத்து நெம்பவே கூடாது. நெம்பிய ஒவ்வொரு இடமும் இரு பாதியும் சேரும் பேக்கிங் முகத்தில் ஒரு கசிவு.

சுத்தியலும் வேண்டாம். செயின்சா கிராங்க் ஒரே துண்டு அல்ல, துண்டுகளாகச் செய்து அழுத்திச் சேர்த்தது. நுனியில் ஓங்கி அடித்தால் அதன் நேர்கோடு கெட்டுவிடும். லேத்தில் இரண்டு சென்டருக்கு இடையே நிறுத்தி டயல் கேஜ் வைத்தால் 0.05 மி.மீட்டருக்கு மேல் ஆட்டம் காட்டும் கிராங்க்கை அப்படியே திரும்பப் போடாதீர்கள்.

விரிசலைக் கண்டுபிடிப்பது

பாதிகள் இரண்டையும் டீசலிலும் பிறகு தின்னரிலும் கழுவிக் காயவையுங்கள். சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துணியால் ஒட்டத் துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் மேலே ஊறி, வெள்ளைப் பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். பேரிங் குழியைச் சுற்றி, சிலிண்டர் உட்காரும் மேடையின் நான்கு மூலை, பார் ஸ்டட் அடி, ரப்பர் புஷ் பூட்டும் காதுகள் ஆகிய இடங்களில் கட்டாயம் பாருங்கள்.

பழைய பேரிங்கின் கூடு உடைந்த மெஷினானால் கிராங்க் சுழலும் அறையின் உட்சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள். துண்டுகள் சிக்கிக் குத்திய பள்ளம் இருக்கும். பள்ளத்தை நிரப்ப வேண்டாம். ஓரத்தில் எழும்பி நிற்கும் பிசிரை மட்டும் மெல்லிய அரத்தால் எடுத்து, 400 நம்பர் எமரியால் வழவழப்பாக்குங்கள். அந்த அறைக்குள் ஒட்டிய பசை ஒருநாள் பெயர்ந்து பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் போய் நிற்கும்.

இப்போது முடிவெடுக்கலாம். பேரிங் குழியில் விரிசல், ஆயில் சீல் குழி உடைந்தது, சிலிண்டர் மேடை பிளந்தது என்றால் கேஸை மாற்றுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு பாதியையும் ஜோடியாகத்தான் விற்கின்றன, காரணம் இரண்டையும் சேர்த்து வைத்துத்தான் குழிகளை ஒரே நேர்கோட்டில் கடைகிறார்கள். பழைய மெஷினிலிருந்து ஒரு பாதியை மட்டும் எடுத்துப் பொருத்தினால் கிராங்க் இறுகுவது அதனால்தான். மற்றச் சேதங்கள் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. ஆனால் வரிசை முக்கியம்: வெல்டிங் இருந்தால் அது முதலில், பிறகு பேக்கிங் முகம், பிறகு மரை, பிறகு பேரிங், கடைசியில் பசை. சாதாரண அரால்டைட் சூட்டில் இளகும். அதை ஒட்டிவிட்டுப் பிறகு பேரிங் போடக் கேஸைச் சூடேற்றினால் ஒட்டியது எல்லாம் வீண்.

வெல்டிங் கொடுப்பதற்கு முன்

ஆர்கான் வெல்டிங் என்ற பலகையைப் பார்த்ததும் கேஸைக் கொடுத்துவிடாதீர்கள். மெக்னீசியத்துக்கு ஏசி மின்னோட்டத்தில் டிக் வெல்டிங், ஏஇசட் 92 அல்லது ஏஇசட் 61 வகை மெக்னீசியக் கம்பி வேண்டும். அலுமினியக் கம்பியால் ஒட்டினால் ஒட்டியதுபோலவே தெரியும், ஆனால் இரண்டு உலோகமும் கலந்த கோட்டில் கண்ணாடிபோல் நொறுங்கும் கலவை உருவாகி, முதல் அதிர்விலேயே பக்கத்தில் புது விரிசல் விடும். “மெக்னீசியம் கம்பி வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். இல்லை என்றால் திருச்சி, கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் இந்த வேலை செய்யும் இடத்தை விசாரியுங்கள்.

வருடக்கணக்கில் ஆயில் குடித்த கேஸ் வெல்டிங்கில் நுரைத்துப் புள்ளி புள்ளியாகத் துளை விடும். முன்கூட்டியே சூடேற்றித் துடைத்து, மறுபடி சூடேற்றித் துடைத்து ஆயிலை வெளியேற்ற வேண்டும். வெல்ட் செய்யும்போது இரண்டு பாதியையும் பழைய பேரிங்கோடும் ஸ்க்ரூவோடும் பூட்டியே வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முகம் கோணும். பேரிங் குழிக்குப் பக்கத்தில் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

பேக்கிங் முகம்

தடிமனான கண்ணாடித் தகட்டின்மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டுங்கள். கேஸ் முகம் முழுக்க மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, ஆயில் தடவிய பேப்பரில் 8 வடிவத்தில் லேசாக நாலைந்து முறை தேயுங்கள். மை அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். எல்லா இடமும் அழியும்வரை தேய்க்கத் தோன்றும், அந்த ஆசையை அடக்குங்கள். முகத்தைக் குறைத்தால் கிராங்க்கின் பக்கவாட்டு இடைவெளியும் குறையும். மேடுகள் போனதும் நிறுத்திவிட்டு, நெம்பிய குழி இருந்தால் அதில் மட்டும் சூடு தாங்கும் எப்பாக்ஸி வைத்துக் காய்ந்ததும் மட்டமாக்குங்கள். அந்தச் சிறு பொட்டு மேலே சொன்ன வரிசைக்கு விதிவிலக்கு, அதனால்தான் சூடு தாங்கும் ரகம் வேண்டும்.

பழைய பேக்கிங்கின் தடிமனைக் கிழிவதற்கு முன் வெர்னியரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி பேக்கிங் கிடைக்காவிட்டால் அதே தடிமன் பேக்கிங் பேப்பரில் வெட்டிக்கொள்ளலாம். பேக்கிங்கை விட்டுவிட்டு வெறும் பசையால் மூடுவது, பேக்கிங் வைத்தே வடிவமைத்த கேஸுக்குச் சரிவராது. கிராங்க் பக்கவாட்டில் நெருங்கி பேரிங் சூடேறும். அதேபோல் தண்ணீர்க் குழாய்க்கும் காருக்கும் போடும் சாதாரண சிலிக்கான் டியூப்பும் கூடாது. பெட்ரோல் பட்டால் ஊதிப் பெருத்துப் பிசுபிசுத்து உரிந்துவிடும். பேக்கிங் இல்லாமலே வரும் மாடலுக்கு, பெட்ரோல் தாங்கும் கிராங்க்கேஸ் பசை என்று டூ வீலர் ஸ்பேர் கடையில் கேட்டு வாங்குங்கள்.

மரை போன துளைகள்

அதிகம் வரும் வேலை இது. பாரைப் பிடிக்கும் ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும், அல்லது சிலிண்டர் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கும். புது ஸ்க்ரூவில் டெஃப்லான் டேப் சுற்றி ஏற்றுவது வேலைக்காகாது. சுருள்கம்பி மரை, அதாவது ஹெலிகாயில் போட்டால் பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும்.

முதலில் ஸ்டட் எப்படிப் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில மாடல்களில் ஸ்டட்டின் தலை ஆயில் டேங்க்குக்குள் இருக்கும், உள்ளிருந்து வெளியே வந்திருக்கும். அதற்கு மரை போட வேண்டியதில்லை, தலை உட்காரும் இடத்தைச் சரிசெய்து புது ஸ்டட் போட்டால் போதும்.

வெளியிலிருந்து ஏறும் ஸ்டட் அநேகமாக எம்8, அதாவது 8 மி.மீ. மரை. ஹெலிகாயிலுக்கு 8.3 மி.மீ. டிரில். எம்6 ஸ்க்ரூவுக்கு 6.3, எம்5 ஸ்க்ரூவுக்கு 5.2, எம்4 ஸ்க்ரூவுக்கு 4.2. மரை வெட்டும் டாப் சாதாரண டாப் அல்ல, ஹெலிகாயில் பெட்டியோடு வரும் தனி அளவு. எம்8 ஹெலிகாயிலுக்குச் சாதாரண எம்8 டாப்பைப் போட்டால் சுருள் உள்ளே போகாது. கையில் பிடிக்கும் டிரில்லில் துளை சாயும். ஸ்டட் சாய்ந்தால் பார் சாயும், பிறகு செயின் ஒரு பக்கமாகவே இழுத்து அறுக்கும். பட்டறையில் டிரில் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் லேத் கடையில் அந்த ஒரு துளையை மட்டும் போட்டு வாங்கலாம். டிரில் பிட்டில் ஆழத்தைக் குறித்து டேப் சுற்றிக்கொள்ளுங்கள், துளைக்குப் பின்னால் ஆயில் டேங்க்தான் இருக்கலாம்.

டாப்பை ஆயில் விட்டு அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று இறக்குங்கள். தூளை ஊதி வெளியேற்றி, சுருளை முகத்துக்குக் கீழே கால் முதல் அரை மரை இறங்கும்வரை ஏற்றுங்கள். அடியில் குறுக்கே நிற்கும் வாலைத் தட்டி உடைத்து, அந்தத் துண்டைக் கண்டிப்பாக வெளியே எடுங்கள். எண்ணிக்கை வைத்துக்கொண்டு வேலை செய்தால் ஒன்று குறைவதும் தெரிந்துவிடும்.

மெக்னீசியத்துக்குள் எஃகு வைக்கும்போது அரிமானத்தையும் நினைக்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் இரண்டில் மெக்னீசியம்தான் கரையும். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953 முதல் இயங்கும் காரைக்குடியில் இதை விளக்க ஆள் தேட வேண்டாம். சுருளை ஏற்றுவதற்கு முன் மரையில் த்ரெட் லாக் பசையோ ஜிங்க் பிரைமரோ மெல்லிசாகப் பூசினால் ஈரம் உள்ளே இறங்காது, ஆயில் கசிவும் நிற்கும்.

துளையே கிழிந்து பெரிதாகியிருந்தால், லேத்தில் வெளியே எம்12, உள்ளே எம்8 மரை வைத்து ஒரு அலுமினிய புஷ் கடைந்து சூடு தாங்கும் எப்பாக்ஸியோடு ஏற்றலாம். சுற்றிலும் குறைந்தது 3 மி.மீ. சுவர் மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் அந்த ஸ்டட் மறுபடி பிடுங்கிக்கொண்டு வரும்.

பேரிங் குழி

பழைய பேரிங்கின் வெளிவளையத்தில் எண் இருக்கும். 6202 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மி.மீ. 6203 என்றால் 17, 40, 12. சூட்டில் விரியும் எஞ்சினுக்கு உள் இடைவெளி சற்றுக் கூடுதலான, சி3 என்று குறித்த பேரிங்தான் வாங்க வேண்டும். கலவையில் வரும் ஆயிலே பேரிங்குக்கு உயவு. ஆகவே பழையது திறந்த பேரிங்காக இருந்தால் ரப்பர் மூடி போட்டதை வாங்காதீர்கள். சீலும் பேரிங்கும் ஒன்றாகவே வரும் மாடல் இருந்தால் அதே பாகம்தான் வேண்டும்.

குளிர்ந்த கேஸில் புது பேரிங்கை வைத்துப் பாருங்கள். கையால் அழுத்தினாலே உள்ளே விழுந்தால், பழைய பேரிங் பிடித்துக்கொண்டு வெளிவளையமே குழிக்குள் சுற்றியிருக்கிறது. 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் பக்கத்தில் நுழையவில்லை என்றால் லாக்டைட் 638 போன்ற பேரிங் பசை காப்பாற்றும். இரண்டு முகத்தையும் தின்னரில் துடைத்து, மெல்லிய வளையமாகப் பூசி, பேரிங்கை அடிவரை இறக்கி 24 மணி நேரம் விடுங்கள். பசை பேரிங் உருளைகளுக்குள் ஒழுகிவிடக் கூடாது. கேஜ் தாராளமாக நுழைந்தால் கேஸை மாற்றுவதே நல்லது.

குழியின் சுவரில் சென்டர் பஞ்ச்சால் புள்ளி புள்ளியாகக் குத்தி பேரிங்கை இறுக்கும் வழக்கம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். புள்ளிகள் சில மணி நேர ஓட்டத்தில் நசுங்கிவிடும், அதுவரை பேரிங் மையத்தை விட்டு விலகியே ஓடும், மெக்னீசியம் குத்திய இடத்திலிருந்து விரியவும் தொடங்கும்.

குழி நன்றாக இருந்தால் வேலை சுலபம். பேரிங்கை பிளாஸ்டிக் உறையில் கட்டி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வையுங்கள். கேஸைச் சமையலுக்குப் பயன்படுத்தாத ஓவனிலோ ஹாட் ஏர் கன்னாலோ 120 டிகிரிக்குச் சூடேற்றுங்கள். தொட்டுத் தெளித்த தண்ணீர்த் துளி சுர்ரென்று பறந்தால் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. பேரிங் நேராக விழுந்து உட்காரும். சூடு ஆறும்வரை மேலே ஒரு மரக்கட்டையால் அழுத்திப் பிடியுங்கள். எரிவாயு டார்ச்சின் தழலை ஒரே இடத்தில் காட்டினால் கேஸ் கோணிவிடும்.

ஓட்டையும் உடைந்த ஓரமும்

செயின் கடித்த ஓட்டை, ஆயில் டேங்க் கீறல், உடைந்த காது ஆகியவற்றுக்கு ஜேபி வெல்டு போன்ற உலோகத் தூள் கலந்த எப்பாக்ஸி பொருத்தமானது. முதலில் விரிசலின் இரு நுனியிலும் 2 மி.மீ. துளை போடுங்கள், அதற்குமேல் அது ஓடாது. விரிசலின் நீளத்துக்குப் பாதித் தடிமன்வரை வி வடிவத்தில் அரம் போடுங்கள். புது பேரிங் உட்கார்ந்திருப்பதால் அதை முழுக்க டேப்பால் மூடிவிட்டே இதைத் தொடங்க வேண்டும்.

சுற்றிலும் இரண்டு சென்டிமீட்டருக்கு 80 நம்பர் எமரியால் சொரசொரப்பாக்கி அசிட்டோனில் துடையுங்கள். ஹாட் ஏர் கன்னால் கை பொறுக்காத சூடுவரை ஏற்றுங்கள். உலோகத்தின் நுண்துளையில் இருந்த ஆயில் வியர்த்து வெளியே வரும். துடையுங்கள், மறுபடி ஏற்றுங்கள். வெள்ளைத் துணியில் கறையே படாதபோதுதான் அடுத்த வேலை. பசை பெயர்வது பெரும்பாலும் பசையின் குறையால் நடப்பதில்லை, இந்தத் துடைப்பைப் பாதியில் விட்டதால்தான்.

இரண்டு டியூப்பையும் சம அளவு எடுத்து ஒரே நிறம் வரும்வரை கலக்குங்கள். சித்திரை வெயிலில் அது சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். விரலை விடப் பெரிய ஓட்டைக்கு வெறும் பசை நிற்காது. 1 மி.மீ. அலுமினியத் தகட்டை ஓட்டையைவிட எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, வளைவுக்கு ஏற்பத் தட்டி, முடிந்தால் டேங்க்கின் உட்புறத்திலிருந்து ஒட்டுங்கள். அதன்மேல் வெளியிலிருந்து பசையை நிரப்புங்கள். 24 மணி நேரம் கழித்து அரம் போட்டு வடிவம் கொடுக்கலாம். மழைநாளில் இன்னும் ஒருநாள் விடுங்கள். ஆயிலை நிரப்பிச் செய்தித்தாள்மேல் ஒரு இரவு வைத்தால் கசிவு தெரிந்துவிடும்.

செயின் ஆயில் டேங்க்குக்கு இது நிலைக்கும். கேஸோடு சேர்ந்த பெட்ரோல் டேங்க்கானால் எத்தனால் நாளடைவில் பல எப்பாக்ஸிகளை மென்மையாக்கும். அங்கே ஒட்டுப்போட்டதை நிரந்தரம் என்று நம்பி ஒருவருக்குக் கொடுக்காதீர்கள், விவரத்தைச் சொல்லியே கொடுங்கள்.

சேர்ப்பது

கிராங்க்கை பேரிங்குக்குள் அடித்து இறக்காதீர்கள். பேரிங்கின் உள்வளையத்தைச் சூடேற்றி, கிராங்க் மரையில் நட்டும் ஒரு குழாய்த் துண்டும் போட்டு இழுத்து உட்காரவையுங்கள். கனெக்டிங் ராட் சிலிண்டர் வாய்க்கு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பேக்கிங்கில் ஆயிலை மெல்லிசாகத் தடவி, வழிகாட்டும் ஊசிகள் இடத்தில் இருப்பதைப் பார்த்து, மறுபாதியைப் பொருத்துங்கள். ஸ்க்ரூக்களைக் குறுக்குக் குறுக்காக மூன்று தவணையில் இறுக்குங்கள். எம்5 கேஸ் ஸ்க்ரூவுக்கு 8 நியூட்டன் மீட்டர் அளவு போதும். மாடலுக்கான சர்வீஸ் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் இரு நுனியிலும் பிளாஸ்டிக் சுத்தியலால் மாறி மாறி லேசாக ஒரு தட்டு. பக்கவாட்டு அழுத்தம் விட்டு இலகுவாகும். சிலிண்டர் மேடையில் நீட்டிக்கொண்டிருக்கும் பேக்கிங்கைப் புது பிளேடால் மட்டமாக வெட்டுங்கள். வெட்டிய துணுக்கு உள்ளே விழாமல் ராட்டைச் சுற்றித் துணி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சீல் கடைசியில். கிராங்க் மரையிலும் சாவிக் காடியிலும் டேப் சுற்றி, சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்ப்ரிங் உள்ள பக்கம் கேஸுக்குள் பார்க்க, சரியான விட்டமுள்ள குழாயால் நேராகத் தள்ளுங்கள். பழைய சீலைத் திரும்பப் போடுவது இத்தனை வேலையையும் கெடுக்கும்.

காற்றுச் சோதனை

இதைச் செய்யாமல் மெஷினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டரைப் பூட்டியபின், சைலன்ஸர் வாயில் பழைய லாரி டியூப் துண்டு ஒன்றை வைத்து அதன்மேல் தகடு பூட்டுங்கள். கார்புரேட்டர் வாயையும் அப்படியே மூடி, பிளக்கை இறுக்குங்கள். காற்றைக் கார்புரேட்டருக்கு இம்பல்ஸ், அதாவது கேஸின் அழுத்தத் துடிப்பு போகும் துளை வழியாகவோ, மூடிய தகட்டில் பொருத்திய நிப்பிள் வழியாகவோ கொடுக்கலாம்.

0.5 பார் (அழுத்த அலகு) ஏற்றி 20 விநாடி பாருங்கள், முள் அசையக் கூடாது. கேஜ் உள்ள கைப்பம்ப் இல்லாவிட்டால் பழைய பிபி கருவியின் பந்தும் டயலும் உதவும். அதில் 300 என்பது 0.4 பார். சைக்கிள் பம்ப்பால் ஏற்றினால் சீல் வெளியே பிதுங்கிவிடும். இறங்கினால் சோப்பு நீர் பூசிக் குமிழி வரும் இடத்தைத் தேடுங்கள். கிராங்க்கை மெல்லச் சுற்றிக்கொண்டே பாருங்கள், சீல் ஒரு நிலையில் பிடித்து இன்னொரு நிலையில் விடும்.

அடுத்து வெற்றிடச் சோதனை. பிரேக் ஆயில் இழுக்கும் கைப்பம்ப்பால் 0.5 பார் இழுங்கள். 20 விநாடியில் 0.3 பாருக்குக் குறையக் கூடாது. அழுத்தத்தில் உதடு கிராங்க்கோடு ஒட்டிக்கொள்ளும் சீல், இழுக்கும்போது காற்றை உள்ளே விடுவதுண்டு. ஓடும் எஞ்சினில் வெளிக்காற்று நுழைவது அந்த இழுவையில்தான். ஆகவே அழுத்தச் சோதனையில் மட்டும் தேறிய மெஷின் தேறியதாகாது.

ஓட்டத் தொடங்கும்போது

மேக்னெட் வீலுக்கும் காயிலுக்கும் இடைவெளி 0.3 மி.மீ., ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. தரமான செயின்சா ஆயிலானால் லிட்டருக்கு 20 மில்லி, சாதாரண 2டி ஆயிலானால் 40 மில்லி. கார்புரேட்டரில் முழு வேகத்துக்கான பெட்ரோலைக் கட்டுப்படுத்தும் எச் ஸ்க்ரூவை வழக்கத்தைவிடக் கால் சுற்றுத் திறந்து வையுங்கள். முதல் டேங்க் முழுக்க, மரத்தில் வைக்காமல் முழு ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டாம்.

ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் உடனே இறங்க வேண்டும். இறங்காமல் தொங்கினாலோ, சூடேறியதும் தானாக வேகம் ஏறினாலோ எங்கோ காற்று நுழைகிறது. கார்புரேட்டரைத் திருகிச் சமாளிக்காமல் அணைத்துவிட்டு மறுபடி காற்றுச் சோதனைக்குப் போங்கள்.

முதல் டேங்க் முடிந்து மெஷின் முழுவதும் ஆறியபின் சைலன்ஸர் ஸ்க்ரூவையும் சிலிண்டர் ஸ்க்ரூவையும் ஒருமுறை பார்த்து இறுக்குங்கள். பார் நட்டுகளை ஸ்பேனர் நீளத்துக்குமேல் குழாய் போட்டு முறுக்காமல் இருக்க, மெஷினை வாங்கிப் போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். உடைந்த செயின் கேட்சரை மறக்காமல் புதிதாகப் போட்டுக் கொடுங்கள். அது இல்லாமல் ஓட்டும் மெஷினில் அடுத்த செயின் கழலும்போது அதே சுவர்தான் முதலில் போகும், பக்கத்தில் கையும் இருக்கும்.